எபோஷி ஏன் சுட்டாள்?

காட்டின் கடவுளை ஒரு பெண் துப்பாக்கியால் சுடுகிறாள். கை நடுங்கவில்லை; முகத்தில் கோபம்கூட இல்லை. இதே பெண்தான் விலைமாதர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களைக் காசு கொடுத்து மீட்டுத் தன் இரும்பு உலையில் வேலை தந்தவள். ஊர் விரட்டிய தொழுநோயாளிகளுக்கு இடம் கொடுத்து, அவர்களின் புண்ணைக் கழுவித் துணி சுற்றியவள். ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘மோனோனோகே ஹிமே’ என்ற ஜப்பானிய அனிமே படத்தில் வரும் எபோஷி அவள். படம் 1997 ஜூலையில் வெளிவந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களும் இன்று அவளுக்காகவும் அவளுக்கு எதிராகவும் வழக்காடுகிறார்கள். அவள் நல்லவளா, கொடியவளா? உள்ளுக்குள் அவளுக்கு என்னதான் வேண்டும்?

விசித்திரம் என்னவென்றால், எபோஷிக்கு ‘உள்’ என்று ஒன்று கிடையாது. ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களில் தீட்டிய படங்களின் வரிசைதான் அவள். 133 நிமிடம் ஓடும் அந்தப் படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 தாள்கள் தீட்டப்பட்டன. நொடிக்கு ஒரு தாள் என்று புரட்டினால், எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில், திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை மாலை முடிப்போம். அத்தனையையும் துழாவினாலும் கோடும் வண்ணமும்தான் கையில் சிக்கும். நோக்கம், வஞ்சம், இரக்கம் என்று ஒரு தாளிலும் எழுதியிருக்காது. அப்படியானால் ரசிகர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கும் அந்த நோக்கம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பாதி விடை இந்தப் படம் பிறப்பதற்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. 1944இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டரை நிமிட அனிமேஷன் படம் ஒன்றை எடுத்தார்கள். நடிகர்கள் மூவர்: ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். அரங்க அமைப்பு: ஒரு பக்கம் திறந்து மூடும் செவ்வகம். இவை நகரும், நிற்கும், முட்டும், விலகும்; அவ்வளவே. படத்தைப் பார்த்த 34 மாணவியரிடம் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். வடிவியல் பாடம்போல ‘முக்கோணம் செவ்வகத்துக்குள் நுழைந்தது’ என்ற ரீதியில் எழுதியவர் ஒரே ஒருவர். இரண்டு பேருக்கு அவை பறவைகளாகத் தெரிந்தன. மற்ற எல்லோரும் மனிதர்களைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் ஒளியும் பெண், அவளைத் துரத்தும் முரடன், அவனை ஏமாற்றித் தப்பும் காதல் ஜோடி என்று கதை கதையாக எழுதினார்கள். இன்னொரு குழுவிடம் பெரிய முக்கோணம் எப்படிப்பட்ட ஆள் என்றே கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் ‘சண்டைக்காரன்’ என்று குணச்சான்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வடிவங்களுக்கே இந்தக் கதி. புருவமும் கூந்தலும் குரலும் உள்ள எபோஷியை மனம் சும்மா விடுமா?

எந்தத் தூண்டலில் மனம் இப்படி விழுகிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. யாரும் தள்ளாமல் தானே நகரத் தொடங்கும் பொருள், சட்டென்று திசை மாற்றும் பொருள், இன்னொன்றின் பாதையை ஒட்டியே போகும் பொருள்: இவை கண்ணில் பட்டதுமே ‘இதற்கு ஏதோ வேண்டும்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மியாசாகி இதை எவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்துகிறார் பாருங்கள். ஓநாய் வளர்த்த பெண்ணான சான், எபோஷியின் உலைக்கோட்டையை இரவில் தாக்க வரும்போது முகத்தை மறைத்து முகமூடி அணிந்திருக்கிறாள். கண் தெரியாது, வாய் தெரியாது. முகபாவம் என்ற கருவியையே தூக்கி எறிந்துவிட்டுக் கூரைமேல் ஓடும் அவள் வேகத்தை மட்டும் காட்டுகிறார். எபோஷி நிற்கும் திசைக்கு அந்த ஓட்டம் திரும்பும் கோணம் ஒன்றே போதும். எவ்வளவு நாள் வளர்ந்த வெறுப்பு அது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டதாக நாம் நம்புகிறோம்.

முகத்தைக் காட்டும் இடங்களிலும் அவர் சிக்கனக்காரர்தான். எபோஷியின் முகத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரியான நிதானம், உதட்டில் பாதிச் சிரிப்பு. நோயாளிகளிடம் பேசும்போதும் அதுதான், கடவுளைக் கொல்லக் கிளம்பும்போதும் அதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யத் திரைக்கலைஞர் லேவ் குலெஷோவ், எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நடிகரின் முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அடுத்து ஒட்டிக் காட்டியதாகவும், பார்த்தவர்கள் ஒரு முறை பசியையும் ஒரு முறை துக்கத்தையும் அதே முகத்தில் கண்டதாகவும் திரைப்பட வகுப்புகளில் சொல்வார்கள். பின்னாளில் இதைச் சோதனைச்சாலையில் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த விளைவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. எபோஷி விஷயத்தில் எனக்கு ஐயமே இல்லை. முதல் காட்சியில் கருணையாகத் தெரிந்த பாதிச் சிரிப்பு பின்னால் ஆணவமாகத் தெரிகிறது; சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது.

நோக்கம் தேடும் இந்தப் பழக்கம் பிறவியிலேயே வருவதா? 2007இல் ஒரு பரபரப்பான முடிவு வந்தது. மரத்தில் செய்த சின்ன வடிவங்களில் ஒன்று மேட்டில் ஏறத் தவிக்கும். ஒரு வடிவம் அதைத் தள்ளி ஏற்றிவிடும், இன்னொன்று கீழே தள்ளிவிடும். பத்து மாதக் குழந்தைகள் 16 பேரிடம் இரண்டையும் நீட்டியபோது 14 பேர் உதவிய வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அறம் தொட்டிலிலேயே தொடங்குகிறது என்று உலகம் வியந்தது. பிறகு 37 ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதையே செய்தன. 2024இல் வெளிவந்த முடிவு: கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஆக, இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நாலு வயதுக்குக் கதை தெளிவாகிவிடுகிறது. சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் பையன் விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து எங்கே தேடுவான்? 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் இருவரும் கேட்ட கேள்வி இது. மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்ற எண்ணம். நாலு, ஐந்து வயதில் திரை விலகுகிறது: ‘அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில்தானே தேடுவான்!’ பிறர் தலைக்குள் வேறோர் உலகம் ஓடுகிறது என்று ஊகிக்கும் இந்தத் திறனுக்கு உளவியலில் மனக்கோட்பாடு என்று பெயர்.

இது வளர்ந்து அடுக்கடுக்காக ஏறுகிறது. உலைக்கோட்டையில் எபோஷியும் படத்தின் நாயகன் அஷிடகாவும் சந்திக்கும் காட்சியைப் பற்றி ஒரு ரசிகர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தன்னைக் கொல்லவே இவன் வந்தானோ என்று எபோஷி சந்தேகிப்பதை அஷிடகா உணர்ந்திருக்கிறான் என்று நாம் நினைக்கவேண்டும் என்றுதான் மியாசாகி விரும்பினார் என்பது என் கருத்து.’ மனத்துக்குள் மனத்துக்குள் மனம். எண்ணினால் ஐந்து அடுக்கு வந்துவிடும். சோதனைகளில் பெரும்பாலான பெரியவர்கள் ஐந்தாம் அடுக்கைத் தாண்டினால் திணறுகிறார்கள். கையில் டீயோடு நின்றபடி அரட்டையில் இதைச் சாதிக்கும் ரசிகர், மனித மூளையின் உச்சவரம்பில் நடந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

அஷிடகா அங்கே வந்த காரணம்தான் அறச்சிக்கலின் முதல் முடிச்சு. எபோஷியும் அவள் ஆட்களும் நாகோ என்ற காட்டுப்பன்றிக் கடவுளைச் சுட்டார்கள். உடலுக்குள் தங்கிய இரும்புக் குண்டின் வேதனையில் அது பேயாக மாறி, வெகு தூரம் ஓடி, தொலைவில் அஷிடகாவின் ஊரைத் தாக்கியது. ஊரைக் காக்க அதைக் கொன்றவனின் வலக்கையில் சாபம் ஏறியது. எபோஷிக்கு அந்த ஊரே தெரியாது. இந்தச் சாபம் அவள் குற்றமா?

கெட்ட எண்ணம் இல்லாமல் விளைந்த தீங்கை எப்படி எடைபோடுவது? 1932இல் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொன்னார். கதவைத் திறந்தபோது பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன். ஜாம் திருட ஏறி ஒரு கோப்பையை உடைத்த பையன். யார் அதிகம் கெட்டவன்? சின்னப் பிள்ளைகளில் பலர், பதினைந்து உடைத்தவனே என்றார்கள். வயது ஏற ஏறத் தராசு எண்ணத்தின் பக்கம் சாய்கிறது.

அந்தத் தராசு மூளையில் எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு சுவடு கிடைத்திருக்கிறது. வலது காதுக்குச் சற்று மேலே பின்பக்கம், மூளையின் இரண்டு மடல்கள் சந்திக்கும் மூலை ஒன்று உண்டு. பிறர் எண்ணத்தைப் பற்றி யோசிக்கும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. 2010இல் லியான் யங், ரெபெக்கா சாக்ஸ் முதலியோர் அந்த மூலைக்குத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்புகளை அனுப்பி, அதன் வேலையைச் சிறிது நேரம் குலைத்தார்கள். பிறகு கதை சொன்னார்கள்: விஷம் என்று நம்பி ஒருத்தி தோழியின் காபியில் பொடியைக் கலக்கிறாள், அது வெறும் சர்க்கரை, தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரணமாக நாம் இவளை மன்னிக்கவே மாட்டோம். மூலை குலைந்தவர்கள் அவளிடம் கொஞ்சம் தாராளம் காட்டினார்கள். தீங்குதான் நடக்கவில்லையே என்ற பக்கம் சாய்ந்தார்கள். நாம் அறம் என்று மதிக்கும் ஒன்று, ஒரு காந்தச் சுருளுக்கு அசைந்து கொடுத்தது!

இனி எபோஷிக்கு வருவோம். நாகோவின் சாபம் அவள் நினைக்காத தீங்கு. காட்டுக் கடவுளான ஷிஷிகாமியைச் சுட்டதோ முழுக்க நினைத்துச் செய்தது. ஏன் செய்தாள்? படத்தில் அவளே காரணங்களைச் சொல்கிறாள், அதுவும் ஒன்றல்ல. பழைய கடவுள் போய்விட்டால் பேசும் விலங்குகள் வெறும் விலங்குகளாகிவிடும், காட்டில் வெளிச்சம் விழும், நாடு செழிக்கும், ஓநாய்ப் பெண்ணும் மனுஷியாகத் திரும்புவாள். ஷிஷிகாமியின் இரத்தம் எல்லா நோயையும் தீர்க்குமாம்; தன்னை நம்பியிருக்கும் நோயாளிகளுக்கும், ஏன், அஷிடகாவின் கைக்கும்கூட அது மருந்தாகலாம். பேராசையும் பரிவும் ஒரே மூச்சில் வருகின்றன. எது முகம், எது முகமூடி என்று ரசிகர்கள் பிளவுபடும் இடம் இதுதான்.

இங்கே மனத்தை விட்டு இறங்கி உலைக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. எபோஷியின் உலை கற்பனை இல்லை. ததாரா என்ற அந்த மண் உலையில் ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாக இரும்பு மணலை உருக்கினார்கள். ஷிமானே மாநிலத்தின் ஒகுஇசுமோவில் வாள் எஃகுக்காகக் குளிர்காலத்தில் இன்றும் அதை மூட்டுகிறார்கள். ஒரு முறை மூட்டினால் மூன்று பகல் மூன்று இரவு அணையக்கூடாது. ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் மரக்கரியும் உள்ளே போகும், 2.5 டன் இரும்புப் பாளம் வெளியே வரும். மணலை விடக் கரி அதிகம் என்பதைக் கவனியுங்கள். உலைச் சுவரின் களிமண்ணும் சூட்டில் கரைந்து, மணலின் அழுக்கை இழுத்துக்கொண்டு கசடாக ஓடுகிறது. மூன்றாம் நாள் சுவர் மெலிந்துவிடும். பாளத்தை எடுக்க உலையையே உடைப்பார்கள். அடுத்த முறைக்குப் புதிய உலை. ஒவ்வொரு மூட்டலுக்கும் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் காடு கரியாகிறது என்பது வழக்கமான கணக்கு. மணலுக்காக மலைச்சரிவுகளை வெட்டி நீரில் அலசியதும் உண்டு.

ஆகவே கடவுளைச் சுடும் முடிவை எபோஷி துப்பாக்கி எடுத்த அன்று எடுக்கவில்லை. மீட்ட பெண்களுக்குக் கூலி தரவேண்டுமென்றால் இரும்பு வேண்டும். இரும்புக்குக் கரி, கரிக்குக் காடு. காட்டில் கடவுள். பரிவே காட்டைத் தின்கிறது. அந்தப் பரிவைக் காட்ட மியாசாகி வரலாற்றையே மீறியிருக்கிறார் என்பது இன்னொரு சுவை. நிஜமான ததாராக்களில் பெண்கள் நுழையத் தடை இருந்தது. உலைத் தெய்வம் கனயாகோவுக்குப் பெண்கள் வந்தால் பிடிக்காது என்று நம்பினார்கள். படத்தில் அந்தப் பெண்கள்தான் பாட்டுப் பாடியபடி நான்கு பகல் ஐந்து இரவு துருத்தி மிதிக்கிறார்கள். நோயாளிகள் வந்த வழி வேறு. தோக்கியோவின் மேற்கே தம் வீட்டுக்கு அதிகத் தொலைவில்லாத தாமா ஜென்ஷோஎன் என்ற தொழுநோய் இல்லத்தைப் பார்த்த அனுபவம் இந்தப் படத்துக்குள் வந்ததை மியாசாகியே பிற்பாடு பொதுவில் சொல்லியிருக்கிறார். தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்திய ஜப்பானியச் சட்டம் ரத்தானது 1996இல், படம் வருவதற்கு முந்தைய ஆண்டு.

எல்லாம் தெரிந்த பிறகும் ‘அவள் இயல்பே அப்படி’ என்று சொல்லத்தான் வாய் வருகிறது. இதற்கும் ஒரு சோதனை உண்டு. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லியே கொடுத்தார்கள். அப்படியும் ஆதரித்து எழுதியவர் மனசிலும் ஆதரவாளர்தான் என்றே வாசித்தவர்கள் மதிப்பிட்டார்கள். சூழ்நிலையின் பங்கைக் குறைத்து, செயலை ஆளின் குணத்தில் ஏற்றிவிடும் இந்தச் சாய்வை ‘அடிப்படைக் காரணங்கற்பிப்புப் பிழை’ என்கிறார்கள். எபோஷிக்குப் பின்னால் இரும்பைப் பறிக்கக் காத்திருக்கும் அசானோ என்ற பிரபு, முன்னால் கடவுளின் தலையைக் கேட்கும் பேரரசனின் ஆள் ஜிகோ, நடுவில் அவளை நம்பிய ஊர். இந்த நெருக்கடியெல்லாம் திரையில் கண்முன்னே இருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது நாம் பார்ப்பது அந்தப் பாதிச் சிரிப்பை மட்டும்தான். இரண்டாம் முறை பார்த்தவர்கள் அவளிடம் கொஞ்சம் இளகுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

படத்தின் பெரிய சாமர்த்தியம் அதில் இல்லாத ஒன்றில் இருக்கிறது. எபோஷிக்கு மியாசாகி ஒரு முன்கதை வைத்திருந்ததாகப் படத்தைப் பற்றிய ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன: விற்கப்பட்டு, கடற்கொள்ளையர் தலைவன் ஒருவனின் மனைவியாகி, அவனைக் கொன்று, ஆயுதங்களோடு நாடு திரும்பியவள். படத்தில் இதற்கு ஒரு நொடிகூடக் கிடையாது. நினைவுக் காட்சி ஒன்று போதும், பெண்களை அவள் ஏன் மீட்டாள், யாருக்கும் ஏன் அஞ்சவில்லை என்பதெல்லாம் விளங்கியிருக்கும். விவாதமும் அங்கேயே முடிந்திருக்கும். கதை சொல்லத் தெரியாதவர்கள் பலர் அந்தக் காட்சியைத்தான் முதலில் எழுதுவார்கள். காரணம் கையில் கிடைத்துவிட்டால் தேடும் இயந்திரம் நின்றுவிடும், கிடைக்காதவரை ஓடும். சானுக்கு மட்டும் அவர் காரணத்தை ஒரு சில வாக்கியங்களில் கொடுத்துவிடுகிறார். காட்டைக் கெடுக்க வந்த பெற்றோர், ஓநாய் மோரோவிடமிருந்து தப்பக் கைக்குழந்தையை அதன் முன் எறிந்துவிட்டு ஓடினார்கள். சானைப் பற்றி ரசிகர்கள் உருகுகிறார்கள். சண்டை போடுவதோ பெரும்பாலும் எபோஷியை வைத்து.

அவளைவிட மோசமாகக் காரணம் மறைக்கப்பட்ட பாத்திரம் ஷிஷிகாமி. மானின் உடல், மனித முகம்போல ஒரு முகம், அசையாத ஒரு பார்வை, படம் முழுக்க ஒரு சொல் இல்லை. குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும் அஷிடகாவின் காயத்தை அது ஆற்றுகிறது. கையிலுள்ள சாபத்தை அப்படியே விட்டுவிடுகிறது. ஏன்? சாபம் அவன் சுமக்கவேண்டிய கடன் என்பார்கள் சிலர். கடவுளுக்கு மனிதக் கணக்கே கிடையாது, உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் அதற்கு மூச்சு விடுவதுபோல என்பார்கள் வேறு சிலர். இரண்டாம் விடைதான் சரி என்று படுகிறது. காயத்தை ஆற்றும் முன் அஷிடகாவின் தலைமாட்டில் சான் நட்டுவைத்த இளம் மரக்கொப்பின் உயிரை அது எடுத்துக்கொள்வதை எதற்காகக் காட்டவேண்டும்? ஆனால் முதல் கட்சிக்காரர்களிடம் இதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்: கடைசியில், எபோஷியின் குண்டில் துண்டான கடவுளின் தலையை அஷிடகாவும் சானும் தங்கள் கையாலேயே திருப்பிக் கொடுத்த பிறகுதானே சாபம் நீங்கியது?